நான்காமவர்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவர் என்பன அந்நான்கு. நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் எவரும் மறப்பதில்லை. பேணுபவரையும் அவர்களுக்கு இணையாக வைத்து எண்ணியதே அக்குறளின் நுட்பம். மருத்துவர் எழுதிய சீட்டுக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையே ஒரு தொலைவு இருக்கிறது. அத்தொலைவைக் கடக்க இன்னொரு மனிதர் துணை வேண்டும் என்பதைப் பழந்தமிழர் அன்றே உணர்ந்திருந்தனர்.

இன்று முதல் மூன்றும் பெருகிவிட்டன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம் பேர். தமிழகத்தில் அன்றே நூற்றுக்குப் பத்துப் பேர் முதியோர். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்திற்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று மருத்துவர்களும் பெருகியுள்ளனர். சிற்றூர்களுக்கும் மருந்துக்கடைகள் வந்துவிட்டன. அருகிப் போனவர் நான்காமவர் ஒருவரே.

தம் நலனுக்காகவே உட்கொள்ளும் மாத்திரைகளால் முதியவர் ஒருவர் தீங்கு அடையாமல் காப்பது யாருடைய கடமை? அவருடையதா? பிள்ளைகளுடையதா? மருத்துவருடையதா? அவரைச் சுற்றி வாழும் நம் அனைவருடையதுமா? அவ்வாறு காக்கப் புகும்போது அவருடைய வாழ்வில் எவ்வளவு தலையிட நமக்கு உரிமை உண்டு? எளிதாகத் தோன்றும் இக்கேள்விகளுக்குள் ஆழ்ந்த அறச்சிக்கல் ஒன்று அடங்கியிருக்கிறது.

கூட்டிப் பார்ப்பவர் இல்லை

முதியோர் வாழும் இல்லங்கள் பலவற்றில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோ துணிக்கடை தந்த மஞ்சள் பையோ மருந்துப் பெட்டியாக விளங்குகிறது. அதைக் கொட்டிப் பார்த்தால் அதற்குள் ஒரு வாழ்க்கை வரலாறே இருக்கும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, சென்ற ஆண்டு காய்ச்சலுக்கு வாங்கி மீந்தது, ‘எனக்கு நன்றாகக் கேட்டது’ என்று பக்கத்து வீட்டு அம்மாள் அன்போடு கொடுத்தது என எல்லாம் அதில் கலந்து கிடக்கும்.

மாத்திரை அட்டையைத் தேவைக்கு ஏற்பக் கத்தரித்துக் கொடுப்பது நம் ஊர்க் கடைகளின் வழக்கம். பத்தில் நான்கை வெட்டித் தரும்போது மருந்தின் பெயர் ஒரு துண்டோடும், காலாவதித் தேதி மற்றொரு துண்டோடும் போய்விடுகின்றன. வீட்டுக்கு வருவது பெயரும் வயதும் அறியப்படாத ஒரு வெள்ளை வில்லை. முழு அட்டையாக வாங்கினாலும் அதில் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். அதுவும் பொடி எழுத்து. கண்புரை உள்ளவர் அதை எவ்வாறு படிப்பார்? ஆகவே அவர் நிறத்தையும் வடிவத்தையும் அடையாளமாகக் கொள்கிறார். ‘காலையில் மஞ்சள், இரவில் சின்ன வெள்ளை’ என்பது அவருடைய மருத்துவ ஏடு. அடுத்த மாதம் கடைக்காரர் வேறு நிறுவனத்தின் மாத்திரையைத் தந்தால் அந்த ஏடே பிழையாகிவிடுகிறது.

ஒரே மருந்து பல நிறுவனங்களால் பல பெயர்களில் விற்கப்படுகிறது. எனவே இரண்டு மருத்துவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் எழுதிவிடக்கூடும். முதியவர் இரண்டையும் பக்தியோடு விழுங்குவார். இங்கே எந்த மருத்துவரும் தவறு இழைத்துவிடவில்லை. அவரவர் தம் பகுதியைச் செம்மையாகவே செய்திருக்கிறார். பகுதிகளைக் கூட்டிப் பார்ப்பவர்தாம் எவரும் இல்லை.

முதுமையின் உடல் வேறு

மருந்தை ஏற்றுக்கொள்வதில் முதியவரின் உடல் இளையவரின் உடலைப் போன்றதன்று. சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் நடுவயதுக்குப் பின் படிப்படியாகக் குறைகிறது. அந்தக் குறைவு இரத்தப் பரிசோதனையில் எளிதில் தென்படுவதுமில்லை. தசை மெலிந்த முதியவர்களுக்குக் கிரியாட்டினின் அளவு ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும். உடலில் நீர் குறைந்து கொழுப்பின் விகிதம் கூடுவதால், டயசீபாம் போன்ற தூக்க மாத்திரைகள் உடலில் நெடுநேரம் தங்கிவிடுகின்றன. இரவு உட்கொண்டதன் மயக்கம் மறுநாள் காலையிலும் தொடர்கிறது. கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு தடுமாற்றம், ஒரு வீழ்ச்சி, இடுப்பெலும்பு முறிவு. ‘வயதாகிவிட்டது, விழுந்துவிட்டார்’ என்று நாம் சொல்கிறோம். விழச் செய்தது வயது மட்டும்தானா என்று கேட்பவர் குறைவு.

கிளிபென்கிளமைடு என்னும் பழைய சர்க்கரை மாத்திரை விலை மலிவானது. ஆனால் அதன் வேகம் நீண்ட நேரம் நீடிப்பதால், இரவு உணவைச் சரியாக உண்ணாத முதியவருக்கு விடியற்காலையில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். வியர்த்துக் கொட்டி அவர் பிதற்றும்போது வீட்டார் அதை முதுமைத் தடுமாற்றம் என்று எண்ணிவிடுகின்றனர். இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில வகைகளும் நீர் பிரியச் செய்யும் மாத்திரையும் வலி மாத்திரையும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையலாம். முதல் இரண்டையும் மருத்துவர் எழுதியிருப்பார். மூன்றாவது, மூட்டுவலி தாளாமல் கடையில் கேட்டு வாங்கியதாக இருக்கும். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘எச்’ அட்டவணையில் வரும் மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். நடைமுறையை நாம் அறிவோம்.

ஒரு மருந்து தந்த தொல்லையைப் புதிய நோயென்று கருதி, அதற்கு மற்றொரு மருந்து எழுதப்படுவதும் உண்டு. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கும். வீக்கத்திற்கென்று நீர் மாத்திரை வருகிறது. நீர் மாத்திரையால் உப்புச்சத்து குறைந்து கால் தசை பிடித்து இழுக்கிறது. அதற்கு இன்னொரு மாத்திரை. ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இவ்வருவிக்கு 1990களில் மருத்துவ அறிஞர்கள் பெயரிட்டு எச்சரித்தனர். அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தம் குழுவினரோடு சேர்ந்து, முதியோருக்கு இயன்றவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பியர்ஸ் பட்டியல் எனப்படும் அது பலமுறை திருத்தப்பட்டு 2023இலும் புதுப்பிக்கப்பட்டது. முன்பு சொன்ன கிளிபென்கிளமைடும் டயசீபாமும் அப்பட்டியலில் உள்ளவையே.

இவற்றினும் கொடிய பிழை ஒன்று உண்டு. முடக்குவாதத்திற்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல் அதையும் நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே கேடு விளையும். சீட்டில் எழுதப்பட்ட ஒரேயொரு சொல்லை உரக்கப் படித்துக் காட்ட ஆள் இல்லாமையால் ஓர் உயிர் போகலாம் என்றால், அந்த ஆள் இல்லாமையை மருத்துவக் குறை என்போமா, சமூகக் குறை என்போமா?

மறதியா, காரணமா?

முதியோர் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கிறோம். மறதி, பிடிவாதம், சொன்னதைக் கேளாமை என்று அதற்குப் பெயர்களும் சூட்டுகிறோம். மறதி உண்டென்பது மெய்யே. ஆனால் பொறுமையோடு கேட்டுப் பார்த்தால், மறதி என்று நாம் நினைத்தவற்றுள் பலவும் அவர்கள் சிந்தித்து எடுத்த முடிவுகள் என்பது புலப்படும்.

ஓய்வூதியம் இல்லாத ஒரு முதியவர் மாத்திரையை இரண்டாக உடைத்து உட்கொள்கிறார். மாதத்தின் கடைசி வாரத்திற்கும் மருந்து இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மருந்து சிறிது சிறிதாக வெளிப்படும்படி செய்யப்பட்ட மாத்திரையை உடைத்தால் ஒரு நாள் முழுவதற்கும் உரிய அளவு ஒரே நேரத்தில் உடலில் கலந்துவிடும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஒரு மூதாட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார். திருப்பலி முடியும் வரை அடக்கிக்கொண்டிருக்க இயலாது. ஆலய வளாகத்தில் அவர் பயன்படுத்தத் தக்க கழிப்பறை இல்லை. இதைத் தம் மகனிடம் எப்படிச் சொல்வது என்ற நாணத்தால் ‘மறந்துபோச்சுப்பா’ என்று சொல்லிவிடுகிறார். அவர் மறந்ததாகச் சொன்னது மருந்தை. நாம் மறந்தது அவரை. அத்தகைய கழிப்பறை ஒன்றைக் கைப்பிடியோடு கட்டித் தருவதும் மருந்துப் பாதுகாப்புப் பணிகளுள் ஒன்றாகும்.

தவக்காலம் வந்தால் நோன்பிருக்கும் முதியவர்கள் நம் பங்குகளில் பலர். உணவை விட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் உட்கொள்கின்றனர். உண்ணா நோன்புக் கடமை அறுபதாம் வயது தொடங்கும் வரைதான் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252ஆம் சட்டம் வரையறுத்திருப்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? பக்தியால் விரும்பி நோன்பிருப்போரைத் தடுப்பது நம் நோக்கமன்று. அவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தருவதற்குத் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறு மிகப் பொருத்தமான நாள்.

இவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பாதுகாப்பான மருந்துப் பயன்பாடு என்பதை முதியவரின் கீழ்ப்படிதலாக மட்டும் பார்ப்பது பிழை. அவர் ஏன் அவ்வாறு செய்கிறார் என்று கேட்கும் ஒருவர் கிடைக்கும்போதுதான் பாதுகாப்பு தொடங்குகிறது. கட்டளையிடுபவர் அறிய முடியாததைக் கேட்பவர் அறிகிறார்.

குடும்பம் மட்டும் போதுமா?

நான்காமவர் யார் என்று கேட்டால், ‘பெற்ற பிள்ளைகள்தாம்’ என்று உடனே விடை வரும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும், பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவக் கவனிப்பையும் சேர்த்தே கூறுகிறது. பிள்ளைகளின் கடமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். மகன் வளைகுடா நாட்டிலோ பெங்களூரிலோ இருக்கிறார். நாள் தவறாமல் தொலைபேசியில் அழைத்து, ‘மாத்திரை போட்டீங்களாப்பா?’ என்று கேட்கிறார். ‘போட்டாச்சு’ என்ற விடையோடு உரையாடல் முடிகிறது. எந்த மாத்திரை, எதற்காக, எத்தனை என்று அவருக்குத் தெரியாது, தந்தைக்கும் தெரியாது. அன்பு அங்கே நிறைய இருக்கிறது. அந்த அன்புக்குத் தேவையான அறிவு இல்லை. பிள்ளைகளோடு வாழும் முதியவர்களின் நிலை வேறுவிதம். அங்கே மருந்து கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. சமையலுக்கும் வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நடுவே அவர் 1-0-1 என்ற குறிப்புகளோடு போராடுகிறார். பிழை நேர்ந்தால் பழியும் அவர்மேல்தான். பிள்ளைகளே இல்லாத முதியவர்களையும், கணவனும் மனைவியும் தளர்ந்து ஒருவருக்கொருவர் மருந்து எடுத்துக் கொடுக்கும் இல்லங்களையும் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவரையும் குறை கூறிப் பயனில்லை. நூறு பேர் வரிசையில் காத்திருக்கும்போது ஒருவருடைய மஞ்சள் பையைக் கொட்டிப் பார்க்க அவருக்கு நேரம் எங்கே? முதியோர் மருத்துவத்தில் தமிழகம் முன்னோடி என்பது உண்மை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு முதுநிலைப் பட்டப்படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எனினும் தென்கோடிச் சிற்றூர் ஒன்றில் தனித்து வாழும் ஒரு மூதாட்டியின் பிஸ்கட் டப்பா வரை இவை எட்டுவது எளிதன்று. எட்டக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரரே.

அயலார் ஒன்றுசேர்ந்தால்

அயலார் இதைச் செய்ய இயலுமா என்ற ஐயத்திற்கு விடையளிக்கும் முயற்சிகள் நம் கண்முன்னே உள்ளன. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரணப் பணி, 2001 முதல் அண்டை வீட்டார் இணையமாக வட கேரளத்தில் பரவியது. வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கக்கூடிய சாதாரண மக்கள் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரைத் தேடிச் சென்றனர். மருத்துவரும் செவிலியரும் செய்ய வேண்டியதை அவர்கள் பறித்துக்கொள்ளவில்லை. மருத்துவர் அறிய வேண்டியதை அறிந்து வந்து சொன்னார்கள். அங்கு 2008இல் மாநில அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் இல்லங்களுக்கே சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, அவற்றுக்கான மாத்திரைகளைத் தருகின்றனர். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அத்திட்டத்துக்குக் கிடைத்தது. மாத்திரை வாசலுக்கு வருவது பெரும் பேறு. வந்த மாத்திரை, டப்பாவில் ஏற்கெனவே கிடக்கும் மாத்திரைகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அதற்கு அடுத்த படி. அந்த இரண்டாம் படியில் நம் போன்றோர் கைகொடுக்க இடம் இருக்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2017 மார்ச்சில் ‘தீங்கற்ற மருந்து’ என்ற நோக்கத்தோடு உலகளாவிய அறைகூவல் ஒன்றை விடுத்தது. மருந்துகளால் நேரும் தவிர்க்கத்தக்க கடுந்தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. ஆபத்து மிகுந்த சூழல்கள், பல மருந்துகளை ஒருங்கே உட்கொள்ளுதல், ஒரு மருத்துவ இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு மாறும் தருணம் ஆகிய மூன்றில் சிறப்புக் கவனம் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. மக்களுக்கு அது தந்த அறிவுரையும் மூன்றே சொற்களில் அடங்குவது: அறிந்துகொள், சரிபார், கேள்.

அமெரிக்காவில் பல்லாண்டுகளாக ஒரு வழக்கம் உண்டு. முதியவர்கள் தம் வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்து வருவார்கள். மருந்தாளுநர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விளக்குவார். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை; ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அரைமணி நேரப் பொறுமை போதும்.

நம் பங்குகளில் இதற்குத் தேவையான யாவும் ஏற்கெனவே உள்ளன. பணி ஓய்வு பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். மருந்தாளுநர் படிப்பு முடித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். வீடு வீடாகச் சென்று நோயாளரைச் சந்திக்கும் மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இருக்கின்றனர். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பதை அன்பியங்கள் அறியும். மூன்று மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை மருந்துப் பை நாளாக வைத்துக்கொள்ளலாம். சமயம் பாராமல் ஊரிலுள்ள முதியோர் அனைவரையும் அழைக்கலாம். அவர்கள் கொண்டுவரும் மருந்துகளின் பெயர், எதற்காக, எப்போது, எழுதிய மருத்துவர் யார் என்பவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கலாம். நாட்டு மருந்தும் சூரணமும் உட்கொள்வோராயின் அவற்றையும் அதில் குறிக்க வேண்டும். ஒரு படி வீட்டுச் சுவரில் இருக்கட்டும்; மற்றொன்று மருத்துவரிடம் செல்லும் பையில் இருக்கட்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் வாரத்தில் பழைய மருந்தும் புதிய மருந்தும் கலந்துவிடும் ஆபத்து மிகுதி. அவ்வாரம் யாரேனும் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று வர ஏற்பாடு செய்யலாம்.

இப்பணியில் ஈடுபடுவோர் ஒரு விதியை உயிரினும் மேலாகக் காக்க வேண்டும். எந்த மருந்தையும் நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. இதய மாத்திரைகளுள் சிலவற்றையும், வலிப்புக்கான மாத்திரைகளையும், நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டுகளையும் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரும். ஐயத்திற்குரியவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கேள்வியாக எடுத்துச் செல்வதே அவர்கள் பணி. ‘இது இன்னும் தேவையா? இரண்டும் ஒன்றுதானா?’ என்று பணிவோடு கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் சினம் கொள்ளமாட்டார். மருந்தைக் கூட்டுவது போலவே காலமறிந்து குறைப்பதும் மருத்துவக் கலையின் ஒரு பகுதி.

காப்பதற்கும் ஆள்வதற்கும் நடுவே

இனி நம் இரண்டாம் கேள்விக்கு வருவோம். ‘என் மருந்துப் பையைத் திறந்து பார்க்க நீ யார்?’ என்று ஒரு முதியவர் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

அக்கேள்வி நியாயமானது. மாத்திரை, நோயைச் சொல்லிவிடும். மனநோய்க்கு உட்கொள்வதையும் காசநோய்க்கு உட்கொள்வதையும் அயலார் அறிந்துவிட்டால் அது ஊர்ப்பேச்சாகும் என்ற அச்சம் வீணானதன்று. நன்மை செய்யப் போனவர்கள் நாவடக்கம் இன்றி ஒருவருடைய மானத்தைப் போக்கிவிட்டால், மருந்து தந்த தீங்கைவிட அது பெருந்தீங்கு. ஆகவே மறைகாக்கும் பண்பு இல்லாதவரை இப்பணியில் சேர்க்கலாகாது.

இதைவிடக் கடினமான நிலையும் உண்டு. எண்பத்தைந்து வயதான ஒருவர் தெளிந்த அறிவோடு, ‘இத்தனை மாத்திரை எனக்கு வேண்டாம், எஞ்சிய நாளை நிம்மதியாகக் கழித்துவிடுகிறேன்’ என்கிறார். அவர் அறியாமையால் பேசுகிறாரா, அறிந்தே பேசுகிறாரா என்று பிரித்துணர வேண்டும். நினைவு சிதைந்து தம் நலம் தமக்கே விளங்காத நிலையில் இருப்பவருக்காக நாம் முடிவெடுப்பது கடமை. விளங்கும் நிலையில் உள்ளவருக்கு விளக்குவது மட்டுமே கடமை. அதற்குப் பின்னும் அவர் மறுத்தால், மருத்துவர் முன்னிலையில் எது இன்றியமையாதது, எதை விட்டுவிடலாம் என்று அவரோடு அமர்ந்து பேசலாம். பத்தில் நான்கை விடலாம் என்று மருத்துவர் சொன்னால், எஞ்சிய ஆறையும் அவர் மனமொப்பி உட்கொள்ளக்கூடும். சாப்பாட்டில் கலந்து ஏமாற்றிக் கொடுப்பதும், அதட்டி வாயில் திணிப்பதும், மருந்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதும் பாதுகாப்பு என்ற பெயரால் நடந்தாலும் பாதுகாப்பு ஆகா. அவர் உடல் நம் பொறுப்புக்கு வந்துவிட்டது போல நாம் நடந்துகொள்ளும் அக்கணமே, பேணுபவர் ஆள்பவராகிவிடுகிறார்.

‘அப்படியானால் தலையிடாமலே இருந்துவிடலாமே’ என்று சிலர் கூறலாம். மரியாதை என்று நாம் அழைப்பதன் பின்னே சில வேளைகளில் அக்கறையின்மை ஒளிந்திருக்கிறது. ஒருவர் தவறான மாத்திரையை உட்கொள்வதைக் கண்டும் ‘அவர் விருப்பம்’ என்று கடந்து போவது அவருடைய உரிமையை மதிப்பது ஆகாது. தாம் எதை உட்கொள்கிறோம் என்று அறியாதவருக்கு விருப்பம் என்ற ஒன்று எப்படி இருக்க முடியும்? அறிந்த பின்னரே விரும்பவும் மறுக்கவும் இயலும். ஆதலால் மருந்தைப் பற்றி ஒரு முதியவருக்கு விளக்குவதும் அவருடைய உரிமையை மதிப்பதும் முரண்பட்டவை அல்ல. முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை.

இத்தகைய முயற்சியின் வெற்றியை விழுங்கப்பட்ட மாத்திரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்க இயலாது. விழாமல் நடக்கிறாரா, தெளிவாகப் பேசுகிறாரா, தம் பேரப்பிள்ளைகளை அடையாளம் காண்கிறாரா, தம் மருந்துகளின் பெயரைத் தாமே சொல்கிறாரா என்பவையே உரைகற்கள்.

நான்காமவராக இருப்பதற்குப் பட்டம் தேவையில்லை. பணமும் பெரிதாகத் தேவையில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு முதியவரிடம், ‘ஐயா, நலமா?’ என்பதோடு நிறுத்திவிடாமல், ‘என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? எது எதற்கென்று மருத்துவர் சொன்னாரா?’ என்று கேட்டுப் பார்ப்போம். அவர் உடனே விடை சொல்லாமல் இருக்கலாம். சற்று நேரம் நின்று கேட்போம்.